நாவலை முடிக்கவா, வலைப்பூ தொடங்கவா?

கேள்வி:

தேனி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். வயது 44. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. 300 பிரதிகள் அச்சிட்டார்கள். அதில் 100 பிரதியை நானே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள், வாங்கினேன். பாதி இன்னும் பீரோவுக்கு மேல் கட்டுக் கட்டாக இருக்கிறது. இப்போது ஒரு நாவல் எழுதுகிறேன். ஒன்றரை வருடத்தில் பாதி வந்திருக்கிறது. என் அம்மா முப்பது வருடம் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். அவரைப் போன்ற பெண்களைப் பற்றிய நாவல். விடியுமுன் வரும் ஜீப்பில் அம்மா தூக்குவாளியை மடியில் வைத்துக்கொள்ள மாட்டார், இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். மடியில் இன்னொருத்தி உட்கார வேண்டும்.

பதிப்பாளரிடம் நாவலைப் பற்றிப் பேசினேன். “முதலில் ஒரு வலைப்பூ தொடங்குங்கள் டீச்சர், நாலு பேருக்குப் பெயர் தெரியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றார். கல்லூரியில் படிக்கும் மகனோ, “பிளாக்கெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க, ரீல்ஸ் போடு” என்கிறான். எனக்குக் கிடைப்பது காலை நாலரையிலிருந்து ஆறு வரை ஒன்றரை மணி நேரம்தான். வலைப்பூ எழுதினால் புத்தகம் விற்குமா? நாவலையே அத்தியாயம் அத்தியாயமாகப் போடலாமா? யாராவது எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வலைப்பூ எழுதுவதால் பீரோவுக்கு மேல் இருக்கும் பிரதிகள் விற்றுப்போகாது. இருபத்திரண்டு வருடமாகப் பதிப்பகங்களில் கையெழுத்துப் பிரதிகளைச் செம்மைப்படுத்தும் வேலை பார்க்கிறேன். சிறுகதை, நாவல் எழுதுகிறவர்களில் வலைப்பூவால் மட்டுமே புத்தகம் விற்றவர் என்று நான் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் உங்களுக்கு ஒரு வலைப்பூ வேண்டும் என்றே சொல்வேன். பதிப்பாளர் சொன்ன காரணம் வேறு, என் காரணம் வேறு. அவர் சொன்ன வரிசையும் எனக்கு உடன்பாடில்லை. நாவல் முன்னால் போகட்டும், வலைப்பூ அதன் பின்னால் மெதுவாக வரட்டும்.

பதிப்பாளர் சொன்னது பொய்யும் இல்லை. ஒரு காலத்தில் அது நூற்றுக்கு நூறு சரியான ஆலோசனையாக இருந்தது. 2004இல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்தது. யார் எங்கே புதிதாகத் தமிழில் பதிவு போட்டாலும் அதன் தலைப்பு அந்தத் திரட்டியின் முகப்பில் வந்து நிற்கும். பெயரே தெரியாத ஒருவர் துபாயிலோ டொராண்டோவிலோ உட்கார்ந்து அந்தத் தலைப்பைச் சொடுக்கி உள்ளே வருவார். பிடித்திருந்தால் பின்னூட்டம் போடுவார், மறுநாள் அதற்கு ஒரு எதிர்ப்பதிவே வரும். தெருவில் திண்ணை போட்டு உட்கார்ந்த மாதிரிதான், போகிறவர் வருகிறவர் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் இப்போது ஆள் நடமாட்டம் இல்லை. திரட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பிடித்த வலைப்பூக்களை ஒரே இடத்தில் சேர்த்துப் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். எழுதினவர்களும் படித்தவர்களும் சேர்ந்தே முகநூலுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்றைக்கு நீங்கள் ஒரு வலைப்பூ தொடங்கிப் பதிவு போட்டுவிட்டுக் காத்திருந்தால் முதல் மாதம் வரும் இருபது பேரில் பத்துப் பேர் உங்கள் உறவினராக இருப்பார்கள். “நாலு பேருக்குப் பெயர் தெரியட்டும்” என்பது அந்த நடமாட்டமுள்ள காலத்தின் கணக்கு.

அப்படியென்றால் வலைப்பூ எதற்கு? இதற்கு என் வேலையிலிருந்தே பதில் சொல்கிறேன். ஒரு கையெழுத்துப் பிரதி என் மேசைக்கு வந்து, முதல் முப்பது பக்கம் என்னைப் பிடித்து இழுத்துவிட்டால், நான் அடுத்துச் செய்வது எழுதினவரின் பெயரைத் தேடிப் பார்ப்பதுதான். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று எண்ணுவதற்காகத் தேடுவதில்லை. இவர் வேறு என்ன எழுதியிருக்கிறார், நாவலில் இருக்கும் இந்த மொழி இவரிடம் இயல்பாகவே இருக்கிறதா, அல்லது இந்த நாவலுக்கென்று வருவித்துக்கொண்டதா, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இவர் உலகத்தை எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளத் தேடுகிறேன். நல்ல வாசகரும் இதையேதான் செய்கிறார். ஏதோ ஒரு நூலகத்தில் உங்கள் தொகுப்பை எடுத்து ஒரு கதையைப் படிக்கிறார். மனம் கனக்கிறது. கைப்பேசியை எடுத்து உங்கள் பெயரைத் தட்டுகிறார். அங்கே எதுவும் இல்லையென்றால் அந்தக் கனம் அன்றிரவோடு கரைந்துவிடும். அங்கே ஒரு பக்கம் இருந்து, இன்னொரு கதையும், நீங்கள் யார் என்று நாலு வரியும், கடிதம் எழுத ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருந்தால் அவர் உங்கள் வாசகர் ஆகிவிடுகிறார். வலைப்பூ ஆளைக் கூட்டி வராது டீச்சர். தானாக வந்தவருக்கு உட்கார இடம் கொடுக்கும்.

முகநூலில் எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். முகநூல் பதிவுக்கு ஆயுள் இரண்டு நாள். மூன்று மாதம் முன்னால் எழுதியதை எழுதினவராலேயே தேடி எடுக்க முடியாமல் தவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய பதிவுகளை அனுப்புங்கள், தொகுக்கலாம் என்று ஒரு கவிஞரிடம் கேட்டேன். அவர் மகளும் மருமகனும் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விரலால் தள்ளித் தள்ளி எடுத்தார்கள். 2009இல் எழுதிய ஒரு வலைப்பதிவோ, எழுதினவர் பெயரைத் தட்டினால் இன்றைக்கும் வந்து நிற்கிறது. ஒருங்குறியில் (யூனிகோடு) எழுதப்பட்டதால் அப்படியே படிக்கவும் முடிகிறது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த எத்தனையோ நல்ல பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

வலைப்பூவால் பெரிய அளவில் பயன் கண்டவர்கள் உண்டு. அவர்களைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. ஜெயமோகன் தன் தளத்தில் 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை மகாபாரதத்தை நாள்தோறும் ஒரு அத்தியாயமாக எழுதினார், 26 நாவல்கள். அவருடைய ‘அறம்’ கதைகள் 2011இல் அந்தத் தளத்தில்தான் முதலில் வந்தன. இலவசமாகப் படிக்கக் கிடைத்தும் புத்தகத்தை மக்கள் தேடி வாங்கினார்கள். இலவசமாகப் போட்டால் எவர் வாங்குவார் என்ற பயத்துக்கு அது ஒரு பதில். ஆனால் தளம் தொடங்கும்போது அவர் ஏற்கெனவே ‘விஷ்ணுபுரம்’ நாவலை எழுதிப் பெயர் பெற்றவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாசகர்கள் புத்தகத்திலிருந்து தளத்துக்கு வந்தவர்கள். தளம் அவர்களைப் பல மடங்காக்கியது. இன்னொரு பக்கம் வா. மணிகண்டனின் ‘நிசப்தம்’ வலைப்பூ. அன்றாடம் பார்த்த மனிதர்களை எளிய நடையில் விடாமல் எழுதிவந்தார். அந்தப் பதிவுகள் தொகுப்புகளாக வந்தன. அதைவிடப் பெரியது, வாசகர்கள் அவர்மேல் வைத்த நம்பிக்கை. படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவும் ஓர் அறக்கட்டளையே அந்த எழுத்தின் பெயரில் உருவானது. இந்த இருவரிடமும் பொதுவாக இருப்பது ஒன்றுதான், வருடக்கணக்கில் நிறுத்தாமல் எழுதியது. உங்களிடம் இருப்பது காலை ஒன்றரை மணி நேரம். அவர்களைப் பார்த்து நீங்கள் கணக்குப் போட்டால் இடிந்துபோவீர்கள்.

அமெரிக்காவிலிருந்து அடிக்கடி சொல்லப்படும் கதை ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவனின் கதையைத் தன் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டார். 2011இல் அதையே அமேசானின் மின்புத்தகக் கடையான கிண்டிலில் 99 சென்ட்டுக்குக் கொடுத்தார். 2014இல் பெரிய பதிப்பகம் வெளியிட்டது, 2015இல் திரைப்படம் வந்தது. வலைப்பூ வைத்தால் ஹாலிவுட் வரை போகலாம் என்று இதைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்பே பல வருடங்களாக அவர் அந்தத் தளத்தில் சித்திரக்கதையும் சிறுகதையும் போட்டு ஒரு சின்ன வாசகர் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தார். அந்த வாசகர்களில் வேதியியலும் இயற்பியலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கதையில் எங்கே கணக்கு தப்பினாலும் எழுதிச் சொன்னார்கள், அவர் திருத்தினார். எனக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் அதை நான் என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒருவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். வட மாநிலங்கள் எல்லாம் வண்டியோடு சுற்றியவர். ஊருக்குத் திரும்பி மளிகைக் கடை வைத்தபின், ரிக் வண்டி வாழ்க்கையை மாதம் ஒன்றிரண்டு பதிவாக எழுதினார். கேசிங் பைப் இறக்கும்போது விரல் போன கதை, மொழி தெரியாத ஊரில் தண்ணீர் வராத கிணற்றுக்குக் கூலி கேட்கப் பயந்த கதை. படித்தவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள், அதற்குமேல் போனதே இல்லை. ஆனால் அந்த நாற்பதில் பத்துப் பேர் ரிக்கில் வேலை பார்த்தவர்கள். “அண்ணே, அந்தப் பாறைக்கு நாங்க வேற பேரு சொல்லுவோம்” என்று எழுதினார்கள். “நீங்க சொல்ற வருஷம் அந்த கம்ப்ரசர் வந்திருக்காது” என்று ஒருவர் திருத்தினார். மூன்று வருடம் கழித்துப் பிரதி என்னிடம் வந்தபோது, வேறு எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்திராத தொழிற்சொற்கள் அதில் கொட்டிக் கிடந்தன. பாதிக்கு மேல் பின்னூட்டத்தில் வந்தவை என்று அவரே சொன்னார். அந்தப் புத்தகம் விற்றது சில நூறுதான். ஆனால் அது இல்லாவிட்டால் அந்தச் சொற்கள் எங்கேயும் பதிவாகியிருக்காது. வலைப்பூ பலன் தருமா என்று என்னைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நாற்பது பேர்தான்.

உங்கள் நாவலுக்கும் அப்படி நாற்பது பேர் எங்கோ இருக்கிறார்கள். கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் ஜீப்பில் போய்வந்த பெண்களின் பிள்ளைகள் இப்போது படித்து, திருப்பூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் அம்மாவின் நாட்களைப் பற்றிப் படிக்க எதுவும் இல்லை. அவர்கள் தேடும்போது நீங்கள் கிடைக்க வேண்டும்.

இனி நீங்கள் பயப்பட வேண்டிய பகுதி. திருட்டைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும் என்பது என் கருத்து. வலைப்பூவின் தாளம் நாவலின் தாளத்தைக் கெடுத்துவிடும். அறுநூறு சொல்லில் ஒரு விஷயத்தைத் தொடங்கி, உருக்கி, கடைசி வரியில் ஒரு சுண்டு சுண்டி முடித்தால் பதிவுக்குப் பாராட்டு வரும். நாலு முறை வந்தால் கை தானாக அதற்குப் பழகிவிடும். பிறகு நாவலில் ஒரு பெண் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருக்கிற பக்கத்தை எழுத முடியாது, கை பதறும். பதிவுகளைக் கோத்துப் புத்தகமாக்கிக் கொண்டுவரும் பிரதிகளில் இது பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு அத்தியாயமும் பாத்திரத்தைப் புதிதாக அறிமுகம் செய்யும். “போன தடவை சொன்னேனே, அந்த மாரியக்கா” என்று வரும். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியும் கைதட்டலுக்காக நின்று காத்திருக்கும். ஒரு பிரதியில் இப்படி 31 கடைசி வரிகளை நான் அடித்தேன். எழுதினவர் முதலில் அழுதார், பிறகு ஒத்துக்கொண்டார்.

அதனால் நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் போடாதீர்கள். உறுதியாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜான் ஸ்கால்சி என்ற எழுத்தாளர் ‘ஓல்ட் மேன்ஸ் வார்’ என்ற தன் நாவலை 2002 டிசம்பரில் தளத்தில் தொடராகப் போட்டார், அதைப் படித்துவிட்டே ஒரு பதிப்பகம் கேட்டு வாங்கி 2005இல் வெளியிட்டது. ஆனால் அவர் போட்டது எழுதி முடித்த நாவலை. உங்களுடையது பாதியில் நிற்கிறது. பாதி நாவலுக்கு வரும் பாராட்டும் கெடுதல், வராமல் போகும் மௌனமும் கெடுதல். “அந்தக் கங்காணி செத்துப்போகட்டும் டீச்சர்” என்று பத்துப் பேர் எழுதினால் அவன் சாக வேண்டியவனா இல்லையா என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். பத்திரிகைத் தொடர்கதையில் நடுவே ஓர் ஆசிரியர் இருந்தார், பார்த்துச் சொன்னார். வலைப்பூவில் உங்களுக்கும் வாசகருக்கும் நடுவில் யாரும் இல்லை.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. பெரும்பாலான இதழ்களும் போட்டிகளும் “அச்சிலோ இணையத்திலோ இதுவரை வெளிவராத படைப்பு” என்று நிபந்தனை போடுகின்றன. வலைப்பூவில் போட்ட கதை அங்கே செல்லாது. பின்னாளில் நாவலைக் கிண்டிலில் போட்டு, சந்தா கட்டியவர்கள் படிக்கும் திட்டத்தில் சேர்க்க நினைத்தால், சேர்ந்திருக்கும் ஒவ்வொரு 90 நாள் தவணையிலும் அதன் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பத்தில் ஒரு பங்கு வரை மாதிரியாகக் காட்டலாம், அவ்வளவே. அமேசான் 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழைச் சேர்த்ததிலிருந்து நிறையப் பேர் இந்த வழியில் போகிறார்கள். ஆகவே இது உங்களுக்குத் தேவைப்படலாம்.

திருட்டைப் பற்றிக் கேட்டீர்கள். நடக்கிறது, மறுக்கமாட்டேன். கவிதையும் குறுங்கதையும் பெயரை வெட்டிவிட்டு வாட்ஸப்பில் சுற்றும். முழு நீளக் கதையைத் திருடுகிறவர்கள் குறைவு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதியது எழுதிய கணத்திலிருந்தே உங்களுடையது, எங்கேயும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உங்கள் வாரிசுகளுக்கு அந்த உரிமை உண்டு. தேதியோடு உங்கள் பக்கத்தில் வெளியான பதிவு, எடுத்தவரோடு வழக்காட உங்களுக்குக் கிடைக்கும் நல்ல சான்று. பீரோவுக்குள் பூட்டி வைத்த கதைக்கு அந்தச் சான்று இல்லை.

அதைவிட அவசரமாக ஒன்றைப் பாருங்கள். முதல் தொகுப்புக்குப் பதிப்பாளரோடு ஒப்பந்தம் எழுதினீர்களா? எழுதியிருந்தால் எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கதைகளின் உரிமையைக் காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்திருந்தால் சட்டம் அதை 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தமே இல்லையென்றால் கவலை வேண்டாம், கையெழுத்திட்ட ஆவணம் இல்லாமல் உரிமை கைமாறாது. கதைகள் உங்களுடையவை. எப்படியிருந்தாலும் தொகுப்பிலிருந்து ஒரே ஒரு கதையைப் பதிப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வலைப்பூவில் போடுங்கள். சுமாரான கதையைப் போட்டுவிட்டு நல்லதைப் புத்தகத்தில் ஒளித்து வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தவறு. எது உங்களுக்கு மிகப் பிடித்ததோ அதைப் போடுங்கள். வந்தவர் படிக்கப் போவது அந்த ஒன்றைத்தான்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். வாரம் ஆறு நாள் என்றால் உங்களிடம் ஒன்பது மணி நேரம் இருக்கிறது. எழுநூறு சொல்லில் ஒழுங்கான ஒரு பதிவு, எழுதி, ஆறப்போட்டு, திருத்தி, ஏற்றி முடிக்க எனக்கு நாலு மணி நேரம் ஆகிறது. உங்களுக்கும் அவ்வளவு ஆகும் என்று வைத்தால், வாரம் ஒரு பதிவு உங்கள் நேரத்தில் பாதியைத் தின்றுவிடும். நாவலின் மீதிப் பாதி ஒன்றரை வருடத்துக்குப் பதில் மூன்று வருடம் இழுக்கும். காலை நேரத்தில் வலைப்பூவைத் தொடவே வேண்டாம். அது நாவலுக்கு. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் வலைப்பூவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முடியாத மாதம் ஒன்றே போதும். ஆறு மாதத்தில் பத்துப் பதிவு இருந்தாலே தேடி வருகிறவருக்கு உட்கார இடம் ஆகிவிட்டது. பத்துக்குப் பிறகு எழுத மனமில்லையென்றால் நிறுத்திவிடுங்கள், அந்தப் பத்தும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

எதை எழுதுவது? நாவலுக்காகத் தேடியதில் நாவலுக்குள் இடம் கிடைக்காத எல்லாவற்றையும். மதுரை போடி ரயில் உங்கள் கண் முன்னால் நடந்த கதை. மீட்டர் கேஜ் பாதையை 2010இன் கடைசியில் மூடினார்கள். அகலப் பாதையாகித் தேனிக்கு ரயில் வர 2022 ஆயிற்று, போடிக்கு 2023. ரயில் இல்லாத அந்தப் பன்னிரண்டு வருடத்தில் உங்கள் ஊர்ச் சந்தையும் கல்யாணங்களும் ஆஸ்பத்திரிப் பயணங்களும் எப்படி மாறின என்று அங்கே வாழ்ந்தவர்தான் எழுத முடியும். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் இடத்துக்கு ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். அம்மா கையால் பறித்த காய்க்கு அங்கே என்ன விலை போகிறது, அம்மாவுக்கு அன்றைய கூலி என்ன என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு பதிவு. இவை எல்லாம் தேடப்படும் விஷயங்கள். ரயிலைத் தேடி வந்தவர் உங்கள் கதையையும் பார்த்துவிட்டுப் போவார். புதிய கதைகளை வலைப்பூவில் போடாதீர்கள், இதழ்களுக்கு அனுப்புங்கள். வெளிவந்து சில மாதம் கழித்து இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

வகுப்பறையைப் பற்றி எழுத ஆசை வரும். ஊர் சின்னது. பெயரை மாற்றினாலும் எந்தப் பிள்ளை என்று பெற்றோருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பெயரைத் தேடும் நாளும் வரும். அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பெண்ணாக இணையத்தில் எழுதப் போகிறீர்கள் என்பதால் சொல்வது. தொலைபேசி எண்ணைப் போடாதீர்கள், எழுத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். பின்னூட்டங்கள் நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும்படி வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது, முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள். அசிங்கமாக எழுதுகிறவனுக்குப் பதில் எழுதாதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள், அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். நன்றாக எழுதிய இரண்டு பெண்கள் இதனாலேயே எழுத்தை விட்டுப்போனதை அருகிலிருந்து பார்த்தவன் நான். அப்போது அவர்களுக்கு இதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

தளத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டும் இலவசமாகவே கிடைக்கும், எது மகனுக்குச் சுலபமோ அதைத் தொடங்கித் தரச் சொல்லுங்கள். வருடம் சுமார் ஆயிரம் ரூபாய் செலவழிக்க முடிந்தால் உங்கள் பெயரிலேயே ஒரு முகவரி வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்குத் தளம் மாறினாலும் முகவரி மாறாது. எழுதிய ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு படி இருக்கட்டும். இலவசமாக வலைப்பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009இல் மூடினார்கள், முகநூல் மாதிரி இருந்த கூகுள் பிளஸ்ஸை 2019இல் மூடினார்கள். அங்கே மட்டும் எழுதி வைத்திருந்தவர்கள் இழந்தார்கள். விளம்பரப் பணத்தை எதிர்பார்க்காதீர்கள். தமிழ்த் தளங்களுக்குக் கூகுள் விளம்பரம் 2018இலிருந்து கிடைக்கிறது, ஆனால் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் அனுப்புவார்கள். நீங்கள் எழுதப்போகிற மாதிரி வலைப்பூவில் அது சேரப் பல வருடம் ஆகும், அதற்குள் பக்கம் முழுக்க விளம்பரம் மொய்த்துக் கதையைப் படிக்க விடாது.

மகன் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். ஆட்கள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். அவனே பிடிக்கட்டும், நீங்கள் உங்கள் கதையிலிருந்து ஒரு பத்தியை உங்கள் குரலில் வாசியுங்கள், ஒரு நிமிடம் போதும். வகுப்பில் செய்யுள் வாசித்துப் பழகிய குரல் உங்களுடையது. அதைக் கேட்டுத் தேடி வருகிறவருக்கு வலைப்பூ இருக்கும். அவன் வேலையும் உங்கள் வேலையும் ஒன்றுக்கொன்று உதவியாகத்தான் இருக்கும்.

பதிப்பாளரிடம், வலைப்பூ தொடங்கிவிட்டேன் என்று சொல்லுங்கள், நாவல் முடிந்ததும் அதன் பிரதியை அவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். இன்னும் இரண்டு மூன்று பதிப்பகங்களுக்கும் காட்டுங்கள். எழுத்தாளரே 100 பிரதியை வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை இந்த முறை ஏற்க வேண்டாம். புத்தக விலை 200 ரூபாய் என்றால் வழக்கமான 10 சதவீத உரிமைத்தொகைப்படி உங்களுக்கு வர வேண்டியது பிரதிக்கு 20 ரூபாய். நீங்கள் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. மேலே கட்டிவைத்த பிரதிகளில் பத்தை எடுத்துச் சுற்றியுள்ள கிளை நூலகங்களுக்கும் கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கும் கொடுங்கள். உள்ளட்டையில் வலைப்பூ முகவரியைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள். படித்தவர் தேடி வர அந்த ஒரு வரி போதும்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா தூக்குவாளியைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வார், மடியில் இன்னொருத்தி உட்கார வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது நாவலில் இருக்கிறதா? இருந்தால் அங்கேயே இருக்கட்டும். இல்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை எழுதுங்கள். எழுதிவிட்டு முகவரியை எனக்கு அனுப்புங்கள்.